லிங்கம் அண்ணையின் வானும் நிரோஜாவின் சைக்கிளும்

நிரோஜாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சுத்தான் குறையும். வீட்டில் அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கினால், கணவன் தனோஜன் தொலைக்காட்சியின் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுவான். கடந்த ஒரு வருடமாக அந்த வீட்டுத் தொலைக்காட்சி முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு பழைய வெள்ளை வான். பிரெஞ்சு பேசும் அந்தக் குளிர் நகரத்தில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதித் தமிழ் வீடுகளில் அதை லிங்கம் அண்ணையின் வான் என்பார்கள். சண்முகலிங்கம் என்ற முழுப்பெயரை அவருடைய வங்கி அட்டையைத் தவிர வேறெவரும் பாவிப்பதில்லை. எண்பதுகளின் கடைசியில் வந்து, பக்கத்துப் பகுதியான சென் லோரானில் இருக்கிற ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் முதல் தமிழராகச் சேர்ந்து, பிறகு தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக உள்ளே எடுத்துவிட்டவர். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனால் வான் ஓய்வுபெறவில்லை. நிரோஜாவும் ஏறிய நாட்களில், காலையில் அவளோடு எட்டுப் பேரை வீடு வீடாக ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

வான் ஓடுவதோடு அவருடைய வேலை முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றாலும், சின்னப் பிள்ளையைப் பகலில் விடுகிற கார்டெறி பூட்டு என்றாலும், தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஹென்றிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வது லிங்கம் அண்ணைதான். பனி கடுமையாகக் கொட்டும் நாளில் வான் ஓடுமா ஓடாதா என்று அவர் ஒருவரே தீர்மானிப்பார். ஓடாது என்றால் ஒரே அழைப்பில் எட்டுப் பேரின் பெயரையும் சொல்லி, "என்ர ஆக்கள் இண்டைக்கு வராயினம்" என்று தன் பிரெஞ்சில் முடித்துவிடுவார். ஹென்றிக்கும் அது வசதி. எட்டுப் பேரிடம் எட்டு விதமான பிரெஞ்சைக் கேட்பதைவிட ஒருவரிடம் ஒரு விதமான பிரெஞ்சைக் கேட்பது நல்லது.

நிரோஜா கலியாணம் முடித்து வந்த புதிதில் அந்த வான் அவளுக்கும் பெரிய உதவியாக இருந்தது. அதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் அவள் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்கு விடாமல் போனாள், பாஷை பிடிபட்டது. சாப்பாட்டுப் பெட்டிகளின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டும் இயந்திரத்தை ஓட்ட ஆள் தேவை என்று அறிவித்தபோது கேட்டுப் பார்த்தாள். கொடுத்தார்கள். மூன்று மாதத் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு நாளும் வராமல் நிற்கக்கூடாது, ஒரு தரத்துக்கு மேல் பிந்தக்கூடாது. அதைத் தாண்டினால் நிரந்தரம், தொழிற்சங்கம், மாறாத காலை வேலை. தொலைபேசியில் "நாளைக்கு வரவேண்டாம்" என்று எவரும் சொல்லிவிட முடியாது.

போன வருடம் அதை வான் குழப்பிவிட்டது. ஒரு நாள் யாரோ ஒருத்தி மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வான் பாதி வழியில் திரும்பியது. இன்னொரு நாள் லிங்கம் அண்ணை டெப்பனர் என்கிற மூலைக்கடையில் லொத்தர் சீட்டு வாங்க நிறுத்தி, காசாளருடன் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மற்ற ஏழு பேருக்கும் அது ஒன்றுமில்லை. நிரோஜாவுக்குத் தகுதிகாண் காலம் முறிந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க அடுத்த வாய்ப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றார்கள்.

"அதுக்கென்ன பிள்ளை, பேந்து கிடைக்கும்" என்றார் லிங்கம் அண்ணை, கண்ணாடியில் அவளைப் பார்த்து.

அன்று பின்னேரம் வானிலிருந்து இறங்கியவள் பிறகு ஏறவில்லை.

பஸ் என்றால் இரண்டு மாறவேண்டும், இரண்டாவது வரும் என்று நம்ப முடியாது. வீட்டிலிருந்த ஒரே காரைத் தனோஜன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற லொங்குய்யுக்கு வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். ஆகவே, ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு மாணவனிடம் அவள் ஒரு சைக்கிள் வாங்கினாள். கோடை முடிந்து முதல் பனி விழுந்ததும், இனி விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஆணி பதித்த டயர் இரண்டு வாங்கிப் போட்டாள்.

"நீர் ஸ்னோவுக்கை சைக்கிள் ஓடுறதைப் பாத்திட்டு, எனக்கு வேலை போட்டுதோ எண்டு ஆக்கள் கேக்கினம்" என்றான் தனோஜன்.

"போகேல்லை எண்டு சொல்லுங்கோ."

"இந்தக் குளிருக்கை ஆரும் சைக்கிள் ஓடுவினமே?"

"வெள்ளைக்காரர் ஓடுகினம்."

"அவங்கள் விசரங்கள்."

"யாழ்ப்பாணத்தில நான் சைக்கிளில ரியூசனுக்குப் போகேக்கை, அப்பாவுக்கு வேலை போட்டுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை வந்தாப்போலை மட்டும் என்ன?"

தனோஜன் தொலைக்காட்சியின் சத்தத்தை இன்னும் குறைத்தான்.

வானில் இருந்தவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. சிவப்பு விளக்கில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், சிவநேசம் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூப்பிடுவார். வானில் எப்போதும் முன் ஆசனத்தில் இருக்கிறவர் அவர்தான்.

"ஏறன் பிள்ளை. பாக்கிற சனம் நாங்கள் உன்னை இறக்கி விட்டிட்டம் எண்டெல்லோ நினைக்கும்."

"நினைக்கட்டும் அக்கா."

"என்ன, எங்கட வான் மணக்குதோ?"

உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். லிங்கம் அண்ணை சிரிக்கமாட்டார். பச்சை விழுந்ததும் ஒரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு அவளைத் தாண்டிப் போவார். சக்கரம் எறிகிற உப்புச் சகதி அவளுடைய காற்சட்டையின் முழங்கால்வரை வந்து ஒட்டும்.

அவளுடைய கோபம் வானோடு நிற்கவில்லை. சைக்கிள் ஓடத் தொடங்கியபின் நகரத்தின்மேலும் பரவியது. வீதியில் கார் போகவேண்டும் என்று பனி அள்ளுகிறார்கள், அள்ளிய பனியைச் சைக்கிள் பாதையில்தான் குவிக்கிறார்கள். அந்தக் குவியலைச் சுற்றி அவள் வீதிக்கு இறங்கினால், பின்னால் வருகிறவன் கண்ணாடியைத் திறந்து "ஒரு கார் வாங்கு, மடாம்!" என்று கத்துகிறான். செயினை உப்பு தின்கிறது. கண்ணிமையில் மூச்சு உறைந்து மயிரை ஒட்டவைக்கிறது. நெடுஞ்சாலைக்குக் கீழே போகிற இறக்கத்தில் பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று டயர் ஏறினால்தான் தெரியும். ஆனால் அந்த வழியில் பிந்தினால் அது அவளே பிந்தியது. இன்னொருவருடைய லொத்தர் சீட்டுக்காகப் பிந்தியது அல்ல.

இலையுதிர்காலத்தில் இயந்திரத்துக்கு மறுபடி ஆள் கேட்டார்கள். மறுபடியும் அவளைத்தான் எடுத்தார்கள். மறுபடியும் மூன்று மாதம். ஒரு நாள் தவறாமல், ஒரு நிமிடம் பிந்தாமல் அது கடைசி வாரத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்தப் பெரிய பனி கொட்டியது.

இரவு முழுவதும் கொட்டி, விடிந்தும் நிற்கவில்லை. தனோஜனின் வேலையிடத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"இண்டைக்கு ஒருத்தரும் போகமாட்டினம், நிரோ."

"கொம்பனி பூட்டேல்லை."

"பள்ளிக்கூடமே பூட்டு!"

"கொம்பனி பூட்டேல்லை எண்டு சொன்னனான்."

வெளிப்படியில் பனி முழங்காலளவு நின்றது. அவள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முதல் இரண்டு தெருக்களையும் தள்ளிக்கொண்டே கடந்தாள். பெரிய வீதியில் பனி அள்ளும் வண்டி ஒன்று அப்போதுதான் போயிருந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி மிதித்தாள். பாலத்துக்குக் கீழே ஒரு தரம் சறுக்கி விழுந்து, முழங்கை அடிபட்டு, தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி எழும்பினாள். கேட்க ஒருவரும் இருக்கவில்லை. வழக்கத்தைவிட மிக முந்தியே வெளிக்கிட்டிருந்ததால் வேலை தொடங்கும் மணி அடிக்கும் முன்பே தொழிற்சாலை வாசலில் நின்றாள்.

உள்ளே அவளுடைய வரிசையில் விளக்கு எரியவில்லை. இயந்திரம் மூடப்பட்டிருந்தது. ஹென்றி கோப்பிக் குவளையோடு வந்து அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ வரமாட்டாய் என்றல்லவா உன் மாமா சொன்னார்?"

"எந்த மாமா?"

"லிங்கம். காலையிலேயே அழைத்தார். எட்டுப் பேரும் வரவில்லை என்று பெயர் பெயராகச் சொன்னார். உன் பெயரும் இருந்தது."

"நான் அவருடைய வானில் வருவதில்லை. ஒரு வருடமாக வருவதில்லை. உங்களுக்கே தெரியும். என் சைக்கிளைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்."

"தெரியும். ஆனால் அவர் சொல்கிறபோது..." ஹென்றி தோளைக் குலுக்கினார். "எட்டுப் பேர் இல்லாமல் வரிசை ஓடாது. மூடிவிட்டேன். வராதவர்களின் விபரம் அலுவலகத்துக்குப் போய்விட்டது."

"என்னுடைய தகுதிகாண் காலம்?"

அவர் குவளைக்குள் பார்த்தார்.

"ஹென்றி, நான் இங்கே நிற்கிறேன். என் சப்பாத்திலிருந்து தண்ணி வடிகிறது. பாருங்கள்."

"பார்க்கிறேன். ஆனால் அலுவலகத்தில் கேட்பார்கள், வரவில்லை என்று யார் சொன்னது, வந்தாள் என்று யார் சொன்னது என்று. முதல் சொன்னவரே பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று அழைத்துச் சொல்லட்டும். மதியத்துக்கு முன் சொன்னால் மாற்றிவிடலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை."

நேரில் நிற்கிற அவளைவிட, தொலைபேசியில் வந்த லிங்கம் அண்ணையின் சொல்லுக்கு எடை கூட இருந்தது. அவள் அங்கேயே நின்று லிங்கம் அண்ணையை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழைத்தாள். பிறகு வெளியே வந்து சைக்கிளைத் திருப்பினாள்.

போகும்போது காற்று முதுகில் இருந்தது. இப்போது முகத்தில் அறைந்தது. அவளுக்குக் குளிரவில்லை. மனதுக்குள் லிங்கம் அண்ணைக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டே மிதித்தாள். ஒவ்வொரு சந்தியிலும் அது இன்னும் கூர்மையானது.

லிங்கம் அண்ணை தன் வீட்டு வாசலில் சவளால் பனி வாரிக்கொண்டிருந்தார். வான் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குன்று இருந்தது. அவளைக் கண்டதும் சவளைக் குத்தி நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, இந்தக் குளிருக்கை? ஏதும் பிரச்சினையே?"

"உங்கட போன் எங்கை?"

"உள்ளுக்கை. ஏன்?"

"வாங்கோ உள்ளுக்கை."

அவருடைய மனைவி ஞானாம்பிகை கதவைத் திறந்தார். நிரோஜா சப்பாத்தைக் கழற்றவில்லை. கால்மிதியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். நாலே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

லிங்கம் அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "பேர் வாயில வந்திட்டுது பிள்ளை. இவ்வளவு வருசமாச் சொல்லிச் சொல்லி... ஒழுங்கில வந்திட்டுது."

"இவர் கோயில்லையும் உப்பிடித்தான்" என்றார் ஞானாம்பிகை. "இவரின்ர தம்பி ரொறன்ரோவுக்குப் போய் அங்கை கோயிலடியில வீடும் வாங்கிப்போட்டான். இவர் இண்டைக்கும் அவன்ர பேரையும் சேர்த்துத்தான் இஞ்சை அர்ச்சனைக்குச் சொல்லுறவர்."

"அர்ச்சனையில பேர் கூடினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை அக்கா" என்றாள் நிரோஜா. "இது என்ர வேலை."

"சரி, சரி" என்றார் லிங்கம் அண்ணை. "ஒரு நாள் லீவு வந்ததெண்டு நினையன். இந்த ஸ்னோவுக்கை நீ விழுந்து காலை முறிச்சிருந்தால்? நான் உன்ர நன்மைக்குத்தான்..."

"நன்மைக்கோ, வாயில வந்ததோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

லிங்கம் அண்ணையின் முகம் இறுகியது. "குரலை உயர்த்தாதை பிள்ளை." அவள் குரலை உயர்த்தியிருக்கவில்லை. "உன்னை அந்தக் கொம்பனிக்குள்ளை விட்டது ஆர்? முதல் நாள் உனக்கு 'போன்ஷூர்' எண்டு சொல்லக்கூடத் தெரியாது."

"இப்ப தெரியும். ஹென்றிக்குப் போன் அடியுங்கோ. பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடி எப்பிடிச் சொல்லுறது? நாளைக்கு மற்ற ஏழு பேருக்கும் நான் கதைச்சால் அவன் நம்புவானே? இந்தக் கிழவன் சும்மா உளறுறான் எண்டெல்லோ நினைப்பான்."

இதுதான் அவருடைய பயம் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் கோபம் தணியவில்லை, இன்னும் கூடியது. அவருடைய வாக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக அவளுடைய மூன்று மாதம் பனிக்குள் போகவேண்டுமா?

"நீங்கள் அடிக்கிறவரைக்கும் நான் இஞ்சைதான் நிப்பன்" என்றாள்.

கால்மிதி நனைந்து, தண்ணீர் பளபளத்த தரையில் ஒரு கோடாக ஓடத் தொடங்கியது. ஞானாம்பிகை அந்தக் கோட்டைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

"அடியுங்கோப்பா. பிள்ளை காலமை வெறுந்தேத்தண்ணிகூடக் குடிச்சிருக்காது."

லிங்கம் அண்ணை அடித்தார். ஹென்றியின் குரல் கேட்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது. தன் பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்: "நிரோஜா நல்ல பிள்ளை. நான்தான் பிறகு யோசித்தேன், வேலை முக்கியம் என்று. போ என்று நான்தான் அனுப்பினேன். உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் வந்தாள் என்று போடு."

மறுமுனையில் ஹென்றி ஆறுதலாக மூச்சு விட்டது அவளுக்கும் கேட்டது. "அப்படியென்றால் சரி. நீங்கள் அனுப்பியதென்றால் மாற்றிவிடுகிறேன்."

லிங்கம் அண்ணை அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முடிந்தது என்பதுபோல.

முடிந்துதான் இருந்தது. அவள் பேசாமல் திரும்பியிருக்கலாம். அந்த வாரம் கழிந்ததும் நிரந்தரம் கிடைக்கும், வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இனிமேல் அவள் பனியில் மிதித்துப் போகிற ஒவ்வொரு காலையும் லிங்கம் அண்ணை அனுப்பிய காலையாகவே இருக்கும். அவள் கையுறையைக் கழற்றி, அவருடைய கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"ஹென்றி, நிரோஜா கதைக்கிறேன். என்னை ஒருவரும் அனுப்பவில்லை."

"என்ன?"

"அவர் சொன்னது பொய். காலையில் சொன்னதும் பிழை, இப்போது சொன்னதும் பொய். நான் சைக்கிளில் வந்தேன், நானாக வந்தேன். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். அதை எழுதுங்கள். அதை எழுத முடியாதென்றால் நான் வரவில்லை என்றே இருக்கட்டும். நான் சங்கத்துக்குப் போகிறேன்."

தகுதிகாண் காலத்தில் இருக்கிறவளுக்குச் சங்கம் எவ்வளவு தூரம் பேசும் என்று அவளுக்கே தெரியாது. மற்றக் கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அடிபட்ட இடம் அப்போதுதான் வலித்தது.

ஹென்றி எரிச்சலோடு சொன்னார்: "அப்படியென்றால் விசாரிக்காமல் எழுதியது என் பிழை என்றாகிவிடும்."

"ஓம்" என்றாள் அவள், தமிழிலேயே. பிறகு பிரெஞ்சில், "உங்கள் பிழைதான்."

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம்.

"சரி. என் பிழை என்றே எழுதுகிறேன். வந்தவள் வந்தவள்தான். மதியத்துக்குப் பிறகு இயந்திரத்தைக் கழுவ ஆள் வேண்டும், வா. ஆனால் ஒன்று. இனி உன் பெயரை அவர் சொன்னால் நான் கேட்கமாட்டேன். வராவிட்டால் நீயே அழைக்கவேண்டும். நீ அழைக்காமல் விட்டால் உன்னை ஒருவரும் காப்பாற்றமாட்டார்கள்."

"நல்லது" என்று சொல்லி அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

லிங்கம் அண்ணைக்கு அவ்வளவும் விளங்கியிருந்தது. அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றார். "ஹென்றிக்கு முன்னால என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டாய்" என்றார் மெதுவாக. அவரையும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எத்தனை பேருக்காக எத்தனை வருடம் கதைத்த வாய். ஆனால் அன்றைக்கு அவருக்காக இன்னொருவர் பாவப்படட்டும் என்று நினைத்தாள்.

"தேத்தண்ணி போட்டிட்டன், குடிச்சிட்டுப் போ" என்றார் ஞானாம்பிகை.

"வேண்டாம் அக்கா. தரையை நனைச்சுப்போட்டன், குறை நினையாதேங்கோ."

வெளியே பனி குறைந்திருந்தது. வெளிக்கிட்டுச் சிறிது தூரம்தான் போயிருப்பாள், சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வீதியோரம் நிறுத்தி எடுத்தாள். சிவநேசம் அக்கா. ஞானாம்பிகை அதற்குள் அழைத்துச் சொல்லிவிட்டார் போலும்.

"பிள்ளை, லிங்கம் அண்ணையோடை சண்டையாமே?"

"ஓம்."

"அதை விடு. நான் கேக்கவந்தது... எனக்கும் இண்டைக்கு வேலைக்குப் போக விருப்பம்தான் கண்டியோ. மகன் கொண்டுபோய் விடுவன் எண்டவன். அதுக்குள்ளை லிங்கம் அண்ணை வராயினம் எண்டு சொல்லிப்போட்டார். உன்னட்டை ஹென்றியின்ர நம்பர் இருக்கோ?"

"இருக்கு. அனுப்பிவிடுறன்."

"நம்பரை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்கெங்கை பிரெஞ்சு? நீயே ஒருக்கால் அடிச்சு, சிவநேசமும் வாறா எண்டு சொல்லிவிடன். உனக்குத்தானே நல்லாக் கதைக்க வருது. இனிமேல் நாங்கள் உன்னட்டையே சொல்லிவிடுறம்."

நிரோஜா சைக்கிளை ஒரு கம்பத்தில் சாய்த்தாள். அவளுக்கு அன்றைக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் அப்போதுதான் வந்தது.

"இல்லை அக்கா. நான் சொல்லமாட்டன்."

"ஏன் பிள்ளை? ஒரு சொல்லுத்தானே?"

"ஒரு சொல்லுத்தான். நீங்களே சொல்லுங்கோ. உங்கட பேரைச் சொல்லத் தெரியுமெல்லோ? பேரைச் சொல்லி, வாறன் எண்டு சொல்லுங்கோ. பிரெஞ்சில வராட்டில் இங்கிலிசில. அதுவும் வராட்டில் மகனிட்டைக் கேட்டுப் பாடமாக்குங்கோ. நான் ஒருத்தருக்கும் லிங்கம் அண்ணையாக மாட்டன்."

சிவநேசம் அக்கா மெல்லக் கேட்டார்: "என்னோடை கோவமோ?"

"ஓம் அக்கா" என்றாள் நிரோஜா. "நம்பர் வரும். அடியுங்கோ."

இலக்கத்தை அனுப்பினாள். கையுறையைப் போட்டுக்கொண்டு, ஆசனத்தில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, ஏறி மிதித்தாள்.